கத்திரி வெயிலில் 40 சிறுவிடைக் குஞ்சுகள்: புரூடர் பல்பைப் பகலில் அணைக்கலாமா?

கரூர்த்தோட்டம் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சு 40 இருக்கிறது, பொரித்து 4 நாள். இடம் கரூர் பக்கம். ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்னக் கொட்டகைக்குள் இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளை ஒட்டி புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் கூடு) ஆக்கியிருக்கிறேன். மொத்தம் 4 அடிக்கு 2 அடி. நடுவில் 100 வாட் குண்டு பல்பு ஒன்று. கீழே உமி, அதன்மேல் செய்தித்தாள்.

முதல் வாரம் 95 டிகிரி ஃபாரன்ஹீட் வேண்டும் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஆனால் மதியம் 2 மணிக்குப் பல்பு போடாமலே கொட்டகைக்குள் 103 காட்டுகிறது. குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சு வாங்குகின்றன, இறக்கையைத் தொங்கவிட்டு அட்டை ஓரமாகப் படுத்துக்கொள்கின்றன. இரவில் 82 வரை இறங்குகிறது. 3 குஞ்சுக்குப் பின்பக்கம் எச்சம் ஒட்டிக் காய்ந்திருக்கிறது.

பகலில் பல்பை முழுதாக அணைக்கலாமா? இரவில் எப்போது போடுவது? எச்சம் ஒட்டுவது நோயா, வெயிலாலா? தண்ணீரில் ஏதாவது கலக்க வேண்டுமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மேட்டாங்காடு எழுதியது:

பகலில் அணைத்தே ஆக வேண்டும். ஆனால் பல்பைவிடப் பெரிய சிக்கல் உங்கள் பெட்டிதான். 8 சதுர அடியில் 40 குஞ்சு, நாலு பக்கமும் அட்டைச் சுவர், தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ். சூடு தாங்காத குஞ்சு ஒதுங்கிப் போக அதற்குள் இடமே இல்லை.

95 டிகிரி என்பது பல்புக்கு அடியில் உள்ள வட்டத்துக்கான கணக்கு. புரூடர் முழுக்க 95 இருக்க வேண்டும் என்று எடுத்துக்கொள்வதால்தான் கோடையில் இத்தனை குஞ்சு போகிறது. தாய்க்கோழியின் வயிற்றடியில் சூடு இருக்கும், இரண்டு எட்டு வெளியே வந்தால் காற்று இருக்கும். குளிர்ந்தால் உள்ளே நுழையும், வெக்கையானால் வெளியே வரும். அந்த வசதியைப் புரூடரிலும் கொடுத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது. ஒரு முனை சூடு, மறுமுனை குளிர்ச்சி, நடுவில் நடக்க இடம்.

இன்றைக்கே இடத்தை மாற்றுங்கள். ஓட்டுத் திண்ணையோ, வீட்டில் வடக்கு கிழக்குப் பக்கமுள்ள அறையோ எதுவானாலும் சரி, மேற்கு வெயில் சுவரில் அடிக்கக் கூடாது. சிமெண்டுத் தரையாக இருந்தால் நல்லது. அதே கொட்டகையில்தான் வைக்க வேண்டும் என்றால் கூரைக்கு மேல் ஒரு சாண் இடைவெளி விட்டுத் தென்னங்கீற்று வேயுங்கள். கூரையை ஒட்டிப் போட்டால் கீற்றில் ஏறிய சூடு கூரைக்குப் போய்விடும். இடைவெளியில் காற்று ஓடுவதுதான் சூட்டைத் தடுக்கிறது. கீற்று கிடைக்காவிட்டால் ஓட்டின் மேல்பக்கம் சுண்ணாம்பு இரண்டு பூச்சு அடியுங்கள்.

அட்டைப்பெட்டியைக் கைவிட்டுவிடுங்கள். ஒன்றரை அடி உயரம், 14 அடி நீளம் தடுப்பு எடுத்து வட்டமாக நிறுத்தினால் விட்டம் நாலரை அடி வரும், உள்ளே 15 சதுர அடிக்கு மேல் கிடைக்கும். 40 குஞ்சுக்கு முதல் இரண்டு வாரம் இது போதும். மூலை இருந்தால் பயத்திலோ குளிரிலோ அங்கே ஒன்றன்மேல் ஒன்று ஏறி அடியில் இருப்பது நசுங்கும், அதனால்தான் வட்டம். குளிர்காலத்தில் சுற்றிலும் அட்டையோ தகரமோ வைப்பார்கள். கோடையில் பாதி வட்டம் அட்டை, மீதிப் பாதி அரை அங்குலக் கண் கம்பிவலை என்று வையுங்கள். குஞ்சு தரையில் வாழ்கிறது. முழு அட்டை வைத்தால் நம் முகத்தில் காற்று அடிக்கும்போதும் அதன் உயரத்தில் காற்று அசையாது. இரவில் வலைப் பக்கத்தில் சணல் சாக்கைத் தொங்கவிட்டால் முடிந்தது. மூன்றாம் வாரம் இடத்தை இரண்டு மடங்காக்குங்கள். நாலு வாரம் முடியும்போது குஞ்சுக்கு ஒரு சதுர அடி இருக்க வேண்டும்.

இனி பல்பு. பொதுக்கணக்கு குளிர்காலத்தில் குஞ்சுக்கு 2 வாட், கோடையில் 1 வாட். உங்களுக்கு மொத்தம் 40 முதல் 80 வாட் போதும், 100 அதிகம். ஒரே பல்பாக வைக்காமல் 25 அல்லது 40 வாட்டில் இரண்டு வையுங்கள், ஒன்று ஃபியூஸ் போனாலும் இன்னொன்று எரியும். இரண்டையும் வட்டத்தின் நடுவில் தொங்கவிட வேண்டாம், அட்டை உள்ள பக்கத்தில் ஓரமாக, உமியிலிருந்து ஒன்றே கால் அடி உயரத்தில் கட்டுங்கள். பீங்கான் ஹோல்டர்தான் வேண்டும். பிளாஸ்டிக் ஹோல்டர் இரவு முழுக்க எரிந்தால் இளகிப் பல்பு உமியில் விழும், தீப்பிடிக்கும். வயரை நம்பித் தொங்கவிடாமல் கட்டுக்கம்பியில் தனியாகக் கட்டுங்கள்.

இப்போது கடைகளில் எல்இடிதான் அதிகம் கிடைக்கிறது. எல்இடி வெளிச்சம் தரும், குஞ்சுக்கு வேண்டிய சூடு தராது. கோடையில் அதுவும் ஒரு வசதிதான்: சூட்டுக்குக் குண்டு பல்பு தனி சுவிட்சில், வெளிச்சத்துக்கு 5 வாட் எல்இடி தனி சுவிட்சில் வைத்துக்கொள்ளுங்கள். மாலை 7 மணிக்கு வெக்கை குறையாமல் இருக்கும், சூடு வேண்டாம், ஆனால் தீனி எடுக்க வெளிச்சம் வேண்டும். ஒரே பல்பு வைத்திருப்பவர்கள் இந்த நேரத்தில்தான் தடுமாறுகிறார்கள்.

எப்போது போடுவது என்பதைக் கடிகாரம் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வயர் நுனியில் சென்சார் உள்ள டிஜிட்டல் வெப்பமானி வாங்கி, சென்சாரை உமிக்கு 2 அங்குலம் மேலே, பல்பு வட்டத்தின் விளிம்பில் கட்டுங்கள். பல்புக்கு நேர் கீழே வைத்தால் கூடுதலாகக் காட்டும், சுவரில் மாட்டினால் குறைத்துக் காட்டும். முதல் வாரம் 95, இரண்டாம் வாரம் 90, மூன்றாம் வாரம் 85, நாலாம் வாரம் 80. உங்கள் இரவு 82 வரைதான் இறங்குகிறது என்றால் முதல் இரண்டு வாரம்தான் பல்புக்கு வேலை. மூன்றாம் வாரத்தில் விடியற்காலை 3 மணி முதல் 6 மணி வரை மட்டும் தேவைப்படலாம். ஆனால் முதல் வாரத்தில் 'கோடைதானே' என்று இரவிலும் அணைத்துவிடாதீர்கள். 4 நாள் குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காக்கத் தெரியாது. 82 நமக்குப் புழுக்கம், அதற்குக் குளிர்.

எஸ்டிசி-1000 மாதிரி வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி போட்டால் நீங்கள் இரவில் எழ வேண்டியதில்லை. ஹீட்டிங் பக்கத்தில் பல்பை இணைத்து முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் (95 ஃபாரன்ஹீட்), வித்தியாசம் 1 டிகிரி என்று வைத்தால் 34க்கு இறங்கும்போது எரியும், 35ல் அணையும். வயரிங் பழக்கம் இல்லையென்றால் எலக்ட்ரீசியனை வைத்துச் செய்யுங்கள்.

கருவி எது காட்டினாலும் கடைசித் தீர்ப்பு குஞ்சுடையது. கீச்சென்று கத்திக்கொண்டு பல்புக்கு அடியில் குவிந்தால் குளிர். சத்தமே இல்லாமல் வாயைத் திறந்து, கழுத்தை உமியோடு நீட்டிப் பல்பை விட்டு விலகிக் கிடந்தால் சூடு. எல்லாம் ஒரே பக்கம் ஒதுங்கி, அந்தப் பக்கம் பல்பும் இல்லையென்றால் எதிர்ப்பக்கத்திலிருந்து நேர்க்காற்று அடிக்கிறது. மூன்று நான்காகப் பரவிப் படுத்து, சில தின்று, சில கிளறிக்கொண்டிருந்தால் கை வைக்காதீர்கள்.

கீரைப்பாத்தி எழுதியது:

மேட்டாங்காடு அண்ணன் சூட்டைச் சொல்லிட்டார். நான் தண்ணியும் தீனியும் சொல்றேன், கோடையில குஞ்சு சாகறதுல பாதி இதுலதான்.

முதல்ல அந்த எச்சம். மூணு குஞ்சுக்கு மட்டும் ஒட்டியிருக்கு, மத்தது சுறுசுறுப்பா இருக்குன்னா பெரும்பாலும் வெக்கையும் தண்ணிக் குறைவும்தான். எச்சம் கெட்டியாகி ஒட்டி அடைச்சுக்கும், அப்படியே விட்டா வயிறு உப்பி செத்துரும். பிய்க்காதீங்க, பிய்ச்சா தோலோட வரும். பஞ்சை வெதுவெதுப்பான தண்ணியில நனைச்சு ஒரு நிமிஷம் வெச்சிருங்க, ஊறினதும் தானா கழலும். துடைச்சு ஈரம் போனதும் தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு தடவுங்க. ரெண்டு நாள் காலையும் மாலையும் பாருங்க. ஒரு எச்சரிக்கை: வயித்துப் பக்கம், ஆசனவாய்க்குக் கீழே கறுப்பா ஒரு பொருக்கு இருக்கும். அது தொப்புள். எச்சம்னு நினைச்சு அதை உரிச்சுறாதீங்க, குடல் வெளியே வந்துரும். தொப்புள் ஈரமா, நாத்தமா, வயிறு நீலம் பாரிச்சு இருந்தா அது தொப்புள் அழற்சி, அந்தக் குஞ்சை உடனே பிரிச்சு வைங்க.

வெள்ளையா, சுண்ணாம்பு மாதிரி நிறைய குஞ்சுக்கு ஒரே நேரத்துல ஒட்டுச்சுன்னா விஷயம் வேற. அப்ப செத்ததையும் எடுத்துக்கிட்டு கால்நடை மருந்தகம் போகணும். நீங்களா கடையில ஆன்டிபயாடிக் வாங்கிக் கலக்காதீங்க.

தண்ணி. மாடித் தொட்டித் தண்ணியைக் கோடையில குஞ்சுக்கு வெக்கவே வெக்காதீங்க. மத்தியானம் அந்தக் குழாயில கை வெச்சா நமக்கே சுடும். சூடான தண்ணியைக் குஞ்சு ஒரு வாய் எடுத்துட்டு விட்டுரும், தாகத்தோடயே கிடக்கும். மண்பானையில ராத்திரி ஊத்தி வெச்ச தண்ணி போதும். ஐஸ் தண்ணி வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணிக் குடுவை மூணு வைங்க, எல்லாம் குளிர்ந்த முனையில. சாதாரண நாள்ல 40 குஞ்சுக்கு ஒண்ணு, ரெண்டு போதும். வெயில்ல ஒண்ணுல நெருக்கிக்கிட்டு பலவீனமானது பின்தங்கும். தட்டுல குஞ்சு இறங்கி நனையாம இருக்க சுத்தமான கூழாங்கல் போடுங்க. முதல் ரெண்டு மூணு நாள் தரையில, அப்புறம் தட்டோட விளிம்பு குஞ்சு முதுகு உயரத்துக்கு வர்ற மாதிரி பலகையோ செங்கல்லோ வெச்சு உயர்த்துங்க. உயர்த்தலைன்னா உமியைக் கிளறி தண்ணியில தள்ளிரும். காலை, மத்தியானம், சாயங்காலம்னு மூணு வேளை தேய்ச்சுக் கழுவி மாத்துங்க. தட்டுல விரலை ஓட்டிப் பார்த்து வழவழன்னு இருந்தா கழுவினது பத்தலை.

வெல்லத் தண்ணி வந்து இறங்கின முதல் நாளுக்கு மட்டும்தான். நாலாம் நாள் வேண்டாம், வெயில்ல நாலு மணி நேரத்துல புளிச்சுரும், கழிச்சல் வரும். எலக்ட்ரோலைட் பொடி பாக்கெட்ல போட்ட அளவு, காலை 10 மணியில இருந்து சாயங்காலம் 4 மணி வரைக்கும், மூச்சு வாங்குற நாளுக்கு மட்டும். மத்த நேரம் வெறும் தண்ணி. நாள் முழுக்க உப்புத் தண்ணி குடிச்சா எச்சம் தண்ணியாப் போய் உமி நனையும், அது வேற வினை.

தீனி. மத்தியானம் தின்னலையேன்னு பயப்படாதீங்க. தீனி செரிக்கும்போது உடம்புல சூடு ஏறும், அதனால குஞ்சே ஒதுங்கிரும். காலை 5 மணிக்கு தீனி முன்னாடி இருக்கணும், சாயங்காலம் 5 மணிக்கு மேல திரும்ப இருக்கணும், ராத்திரி 10 வரைக்கும் எல்இடி எரியட்டும். 20 சதவீதத்துக்குக் குறையாத புரதம் உள்ள குஞ்சுத்தீனி வேணும். குருணை அரிசி, மக்காச்சோள ரவை முதல் நாளுக்கு நல்லது, அதையே தொடர்ந்து போட்டா கால் விரல் உள்பக்கம் மடங்கி நடக்காம போகும். ரிபோஃபிளேவின்ங்கற வைட்டமின் குறைவு அது. முதல் வாரம் ஒரு குஞ்சு நாளுக்கு 5 முதல் 10 கிராம் தின்னும். 40க்கு நானூறு கிராம் தாண்டாது, அதனால மூட்டையா வாங்கி வெயில்ல வெக்காதீங்க, மூணு வாரத்துக்கு ஆகுறதை மட்டும் வாங்குங்க.

ராத்திரி படுக்கப் போறதுக்கு முன்னாடி நாலஞ்சு குஞ்சைக் கையில எடுத்து இரைப்பையைத் தொட்டுப் பாருங்க. கழுத்துக்குக் கீழே வலது பக்கம் சின்னப் பை. மெதுமெதுன்னு கூழா இருந்தா தீனியும் தண்ணியும் சரி. கல்லு மாதிரி இருந்தா தின்னிருக்கு, தண்ணி கிடைக்கலை. காலியா இருந்தா அந்தக் குஞ்சுக்குத் தட்டுப் பக்கமே போக முடியலை.

கரூர்த்தோட்டம்:

இருவருக்கும் நன்றி. குஞ்சுகளை வடக்குத் திண்ணைக்கு மாற்றி, வட்டத் தடுப்பு வைத்தாயிற்று. மதியம் 2 மணிக்கு 97 காட்டுகிறது. மூச்சு வாங்குவது குறைந்திருக்கிறது, நிற்கவில்லை. இன்னும் குறைக்க ஈரச் சாக்கு கட்டலாமா, மேசை ஃபேன் வைக்கலாமா? உமியின் மேல் செய்தித்தாள் அப்படியே இருக்கட்டுமா? ஏழாம் நாள் தடுப்பூசியை இந்த வெயிலில் போடலாமா?

மேட்டாங்காடு:

97 பரவாயில்லை, ஆனால் குளிர்ந்த முனையில் 90க்குக் கீழே கொண்டுவரப் பாருங்கள். ஈரச் சாக்கு கரூருக்குச் சரிவரும். காலை 11 முதல் மாலை 4 வரை, தடுப்பிலிருந்து இரண்டு அடி தள்ளி, காற்று வரும் பக்கத்தில் தொங்கவிடுங்கள். பிழிந்து கட்டுங்கள், சொட்டினால் தரை நனையும்.

ஃபேனைக் குஞ்சின் மேல் நேராக அடிக்கவிடாதீர்கள். சுவரையோ கூரையையோ பார்க்கத் திருப்பினால் திரும்பி வரும் மெல்லிய காற்று போதும். தடுப்புக்குள் ஒரு வெங்காயத் தோலைப் போட்டுப் பாருங்கள், அது உருண்டு ஓடினால் காற்று அதிகம்.

இன்னொரு எளிய வழி: ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் உறைய வைத்து, சாக்குத் துணியில் சுற்றி, ஒரு தட்டில் நிறுத்திக் குளிர்ந்த முனையில் வையுங்கள். சூடு தாங்காத குஞ்சு அதன்மேல் சாய்ந்து படுத்துக்கொள்ளும், தாங்குவது விலகிக்கொள்ளும். தட்டு இல்லாமல் வைத்தால் வியர்க்கும் தண்ணீர் உமியில் இறங்கும்.

செய்தித்தாளை எடுத்துவிடுங்கள். முதல் இரண்டு மூன்று நாள் உமியைத் தின்னாமல் இருக்கத்தான் அது. அதற்கு மேல் வைத்தால் கால் வழுக்கி இரண்டு பக்கமும் அகன்றுவிடும். உமி கோடைக்கு 2 அங்குலம் போதும், அதற்கு மேல் கனமாகப் போட்டால் சூட்டைப் பிடித்து வைக்கும்.

கடற்கரைக்கோழி எழுதியது:

சாக்கு விஷயத்தில் ஒரு திருத்தம். இதைத் தூத்துக்குடி, நாகை, சென்னை பக்கத்து ஆட்கள் படித்துவிட்டு அப்படியே செய்யக் கூடாது. கரூரில் மதியக் காற்று காய்ந்தது, ஈரச் சாக்கில் பட்டால் குளிரும். கடலோரத்தில் காற்றே ஈரமாக இருக்கும். கோழிக்கு வியர்வை கிடையாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கி உள்ளே இருக்கும் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியேற்றுகிறது. ஈரக் காற்றில் இன்னும் ஈரத்தை ஏற்றினால் அந்த ஒரே வழியும் அடைபடும். இங்கே காற்றோட்டம்தான் மருந்து, தண்ணீர் தெளிப்பு இல்லை. கரூரிலும் மழை மேகம் கூடிப் புழுங்கும் நாளில் சாக்கை எடுத்துவிடுங்கள்.

உமி ஈரத்தைப் பற்றி யாரும் போதுமான அளவு சொல்லவில்லை. கோடையில் குஞ்சு அதிகம் குடிக்கும், எச்சம் தண்ணீராக இருக்கும், குடுவையைச் சுற்றி நனையும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இரத்தக்கழிச்சல் ஒட்டுண்ணியின் முட்டைகள் இரண்டு நாளில் நோய் பரப்பும் நிலைக்கு வந்துவிடும். அதனால் ஈர உமியைத் தினமும் காலையில் கையால் அள்ளி வெளியே போட்டு, காய்ந்த உமி போடுங்கள். மீதியைக் கிளறிவிடுங்கள். ஒரு பிடி உமியை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்தால் உதிர வேண்டும். கட்டியாக நின்றால் ஈரம் அதிகம். பூஞ்சை வாடை அடிக்கும் பழைய உமி, வைக்கோல் எதுவும் வேண்டாம், நுரையீரலில் பூஞ்சை பிடித்துக் குஞ்சு வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அதைப் பார்த்து வெக்கை என்று நினைத்து ஃபேன் வைத்துக்கொண்டிருப்போம். வேறுபாடு எளிது: காலை 6 மணிக்கு, குளிர்ந்த நேரத்திலும் மூச்சு வாங்கினால் அது வெயில் இல்லை.

அம்மோனியா நெடி அடிக்கிறதே என்று குஞ்சு இருக்கும்போதே சுண்ணாம்புத் தூளைத் தூவாதீர்கள். காலும் கண்ணும் பொத்துப்போகும், அதோடு சுண்ணாம்பு பட்டால் எச்சத்திலிருந்து அம்மோனியா இன்னும் அதிகமாகக் கிளம்பும். குஞ்சை வெளியே எடுத்து உமியை மாற்றுவதுதான் வழி.

பொதுவாக மூன்றாம் வாரத்துக்கு மேல் எச்சத்தில் இரத்தம் தெரிந்து, குஞ்சு உடம்பைக் குறுக்கிக்கொண்டு நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள். ஆம்ப்ரோலியம் கொடுப்பார்கள். 20 சதவீதப் பொடியானால் லிட்டருக்கு 0.6 கிராம், கடுமையாக இருந்தால் 1.2 கிராம் வரை, 3 முதல் 5 நாள். அந்த நாட்களில் பி காம்ப்ளெக்ஸ் டானிக்கை நிறுத்திவையுங்கள். ஆம்ப்ரோலியம் வேலை செய்வதே ஒட்டுண்ணிக்கு பி1 வைட்டமின் கிடைக்காமல் செய்துதான், நாம் பி1 ஊற்றினால் மருந்து வீண்.

முட்டையும்_குஞ்சும் எழுதியது:

தடுப்பூசி கேள்விக்கு. போடலாம், போட வேண்டும். வெள்ளைக்கழிச்சல் (ராணிக்கெட் நோய்) வந்தால் 40ல் ஒன்றிரண்டுகூட மிஞ்சாது. ஆனால் மூச்சு வாங்கும் குஞ்சுக்கும் எச்சம் ஒட்டிச் சோர்ந்த குஞ்சுக்கும் அன்று போடாதீர்கள், இரண்டு மூன்று நாள் தள்ளினால் குற்றமில்லை.

5 முதல் 7ஆம் நாளுக்குள் எஃப்1 அல்லது லசோட்டா (இரண்டும் வெள்ளைக்கழிச்சலுக்கான தடுப்பு மருந்து), கண்ணில் ஒரு சொட்டு. 14ஆம் நாள் கம்போரோ என்ற வைரஸ் நோய்க்கான தடுப்பு மருந்து. நாலாம் வாரம் லசோட்டா மறுபடி, குடிதண்ணீரில். ஆறாம் வாரத்துக்கு மேல் அம்மைத் தடுப்பூசி, எட்டாம் வாரம் வெள்ளைக்கழிச்சலுக்கு ஊசி. உங்கள் பகுதி மருத்துவர் நாளை மாற்றிச் சொன்னால் அவர் சொல்வதைப் பின்பற்றுங்கள்.

கோடையில் தடுப்பூசி வீணாவது வழியில்தான். இது உயிருள்ள வைரஸ், சூடு பட்டால் செத்துவிடும். குப்பி பார்க்க அப்படியேதான் இருக்கும். தெர்மாஸில் ஐஸ் போட்டு, குப்பியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி உள்ளே வைத்து எடுத்துவாருங்கள். சட்டைப்பையில் போட்டு வண்டியில் வந்தால் வெறும் தண்ணீரைத்தான் கண்ணில் விடுவீர்கள். கலக்கும் திரவத்தையும் குளிர வையுங்கள். காலை 6 மணிக்குத் தொடங்கி, கலந்த ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிடுங்கள், குப்பி ஐஸ் மேலேயே இருக்கட்டும். கையில் இறுக்கிப் பிடித்தால் உள்ளங்கைச் சூடே போதும் கெடுக்க.

குஞ்சின் தலையைச் சாய்த்துப் பிடித்து, சொட்டு கண்ணில் விழுந்து அது இமைத்து உள்ளே போகும்வரை விடாதீர்கள். விழுந்த உடனே கீழே விட்டால் தலையை உதறும், சொட்டு உங்கள் சட்டையில்தான் இருக்கும். நாலாம் வாரத் தண்ணீர் மருந்துக்கு மற்ற காலத்தில் இரண்டு மணி நேரம் தண்ணீரை எடுத்துவைப்பார்கள். கோடையில் விடியற்காலை ஒரு மணி நேரம் போதும். குளோரின் இல்லாத தண்ணீரில் லிட்டருக்கு 5 கிராம் கொழுப்பு நீக்கிய பால்பவுடர் கலந்து, அதில் மருந்தை விடுங்கள். மிச்சத்தைச் சாக்கடையில் ஊற்றாமல் கொதிக்க வைத்து, குப்பியோடு புதைத்துவிடுங்கள். பெரும்பாலும் 100 டோஸ் குப்பியாகத்தான் கிடைக்கும் என்பதால், பக்கத்தில் குஞ்சு வைத்திருப்பவர்களுடன் நாளைப் பேசிவைத்துக்கொண்டால் அவர்களுக்கும் ஆகும்.

திண்ணைக்கு மாற்றிவிட்டீர்கள் என்பதால் இதையும் சொல்கிறேன். சிந்திய தீனிக்குக் கட்டெறும்பு வரும், படுத்திருக்கும் குஞ்சின் கண்ணைக் கடிக்கும். தடுப்பைச் சுற்றி வெளியே கூட்டிச் சுத்தமாக வையுங்கள். எறும்பு சாக்பீஸைக் குஞ்சுக்கு எட்டும் இடத்தில் கோடு போடாதீர்கள், கொத்தித் தின்னும். மேலே முழுவதும் அரை அங்குல வலை மூட வேண்டும். ஒரு அங்குலக் கண்ணில் எலியும் சின்னப் பாம்பும் நுழையும், வெயில் காலத்தில் பாம்பு நிழல் தேடித் திண்ணைக்குத்தான் வரும்.

கீரைப்பாத்தி:

மயங்கிக் கிடக்குற குஞ்சுக்கு முதலுதவியும் சேர்த்துக்கங்க. கழுத்து தொங்கி, கால் நீட்டிக் கிடந்தா, நிழலுக்கு எடுத்துட்டு வந்து சாதாரணத் தண்ணியில ரெண்டு காலையும் முழங்கால் வரைக்கும் நனைங்க. அலகோட ஓரத்துல சொட்டு சொட்டா தண்ணி விடுங்க, வாயைப் பிளந்து ஊத்தினா மூச்சுக்குழல்ல போயிரும். ஐஸ் தண்ணியில முக்காதீங்க, அந்த அதிர்ச்சியிலயே போயிரும். தலை தூக்கினதும் துடைச்சு, தனிக் கூடையில ஒரு மணி நேரம் வெச்சு, அப்புறம் கூட்டத்துல விடுங்க. ஈரத்தோட விட்டா மத்தது கொத்தும்.

கொத்துறதும் கோடை நோய்தான். நெருக்கமும் வெக்கையும் கண்ணைப் பறிக்கிற வெளிச்சமும் சேர்ந்தா விரலைக் கொத்த ஆரம்பிக்கும். ரத்தம் பார்த்துட்டா நிறுத்தாது. கொத்துப்பட்டதைப் பிரிங்க, வெளிச்சத்தைக் குறைங்க, இடத்தைப் பெருசாக்குங்க. ஒரு கட்டுக் கீரையைத் தொங்கவிட்டா அதைக் கொத்திக்கிட்டு இருக்கும்.

மேட்டாங்காடு:

கடைசியாக ஒன்று, இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மே மாதக் கோடை மழை. மதியம் 100 இருக்கும், மாலை 5 மணிக்குக் காற்றோடு மழை பிடித்தால் அரை மணியில் 75க்கு இறங்கும், அதே நேரம் கரண்டும் போகும். வெயிலுக்காக வலையைத் திறந்து வைத்திருப்போம், சாரல் நேராக உள்ளே அடிக்கும். நனைந்த குஞ்சு ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் காலையில் பத்து பன்னிரண்டு அடியில் நசுங்கிக் கிடக்கும். வெயிலில் ஒன்றிரண்டாகப் போவதைவிட இது மோசம்.

அதனால் மேற்குப் பக்கத்தில் தார்ப்பாயை உருட்டி மேலேயே கட்டிவையுங்கள், கயிற்றை இழுத்தால் இறங்க வேண்டும். உலர்ந்த சாக்கு நாலு எப்போதும் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். கரண்ட் போனால் கொதிக்கக் காய்ந்த தண்ணீரைப் பாட்டிலில் அல்ல, மூடி உள்ள எவர்சில்வர் தூக்கில் ஊற்றி, சாக்கில் சுற்றி நடுவில் வையுங்கள். இரண்டு தூக்கு வைத்தால் இரண்டு மூன்று மணி நேரம் தாங்கும், ஆறினால் மாற்றலாம். கரி அடுப்பை மூடிய அறையில் வைக்காதீர்கள், அந்தப் புகை குஞ்சையும் கொல்லும், பக்கத்து அறையில் தூங்குபவர்களையும் கொல்லும். முதுகில் இறகு முழுதாக முளைக்கும்வரை, அதாவது நாலு ஐந்து வாரம் ஆகும்வரை, பல்பையும் ஹோல்டரையும் கழற்றி மச்சில் போட்டுவிடாதீர்கள்.

கரூர்த்தோட்டம்:

தார்ப்பாய் மேற்கே கட்டிவிட்டேன். 40 வாட் பல்பு இரண்டும் பீங்கான் ஹோல்டரும் இன்று வாங்கினேன். எச்சம் ஒட்டிய மூன்றையும் சுத்தம் செய்து எண்ணெய் தடவியாயிற்று. இரண்டு நன்றாகத் தின்கின்றன, ஒன்று சோர்வாக இருப்பதால் தனிக் கூடையில் இருக்கிறது. அதற்கு மட்டும் தடுப்பூசியைத் தள்ளிவைக்கிறேன்.